நம்பர் வரும்வரை தொடக்கூடாது

எங்கள் தொழிலில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. இன்சூரன்ஸிலிருந்து அனுமதி நம்பர் வரும்வரை வண்டியின் கண்ணாடியைத் தொடக்கூடாது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் தொட்டார். நான் அதைவிடப் பெரிய காரியம் செய்தேன்.

கடை என்று பெருமையாகச் சொல்கிறோமே தவிர, அது இரண்டு கார் நிற்கிற ஷெட். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரோரம் மரச்சட்டத்தில் நிறுத்தி வைத்த பதினோரு முன் கண்ணாடிகள். கண்ணாடி வேலை அவருடையது, வாய் வேலை என்னுடையது. பத்தொன்பது வருடமாக இப்படித்தான். அவருக்குப் பொறுமை ரத்தத்திலேயே ஊறியது. எனக்கோ கோபம் மூக்கின் நுனியில் நிற்கும்.

கோபம் வரத்தானே செய்யும்? வண்டியின் கண்ணாடியில் கல் அடித்துவிட்டால், வண்டிக்காரர் இன்சூரன்ஸ் எண்ணுக்குப் போன் செய்து விவரம் சொல்ல வேண்டும். அந்தப் போனை எடுக்கிறவர் இன்சூரன்ஸ் ஆள் இல்லை. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கிற பெரிய கண்ணாடிக் கடையின் ஆள். இன்சூரன்ஸ் கம்பெனி போன் வேலையை மொத்தமாக அவர்கள் கையில் கொடுத்துவிட்டது. ஆக, எங்களிடம் வருவதற்கு எங்கள் வாடிக்கையாளர் எங்கள் போட்டிக்காரனிடம் அனுமதி கேட்க வேண்டும். யார் யோசனையோ, அவர் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும்!

எந்தக் கடைக்குப் போவது என்பது வண்டிக்காரரின் விருப்பம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதை அவரேதான் போனில் சொல்ல வேண்டும். கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்கக்கூடாது. எல்லாப் பேச்சும் பதிவாகிறது. நான் 'ம்' என்றால்கூட அது எங்கள் பெயருக்கு நேராக ஒரு குறிப்பாகப் போய் உட்காரும்.

ஏற்கெனவே குறிப்பு இருந்தது. போன மாதத்து வெயிலில் மூன்று வண்டிகள் எங்களைக் கவிழ்த்துவிட்டன. மூன்றும் சின்னப் புள்ளி அடைக்க வேண்டும் என்று நம்பர் வாங்கிவிட்டு வந்தவை. அடைப்பதற்குள் புள்ளி நீண்டு விரிசல் ஓடி, முழுக் கண்ணாடியையும் மாற்றும்படி ஆனது. அடுத்த வாரமே இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு வண்டியில் இப்படி நடந்தால் உங்கள் கடை எங்கள் அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அவ்வளவுதான் வாசகம். எழுதாமல் விட்டது வேறு. சில கடைகளில் புள்ளியைத் திருப்புளியால் ஒரு குத்துக் குத்தி விரிசலாக்கி, முழுக் கண்ணாடிக்குப் பில் போடுவார்கள். எங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். எங்களிடம் வருகிற பத்து வண்டியில் ஒன்பது இன்சூரன்ஸ் வண்டி. பட்டியலில் பெயர் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். கடிதத்தைப் படித்த அன்று இவர் சாப்பிடவில்லை. "என்னைத் திருடன்னு சொல்லிட்டாங்களே" என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த முதல் புள்ளி வண்டி அந்த நர்ஸம்மாவுடையது.

ஐம்பது வயது இருக்கும். முன்பு ஆஸ்பத்திரி வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர். இப்போது வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது என்று சுற்றுகிறவர். காலில் தேய்ந்த ஷூ, மடியில் மருந்துப் பை. லாரியிலிருந்து தெறித்த ஜல்லி கண்ணாடியின் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன நாணயம் அளவுக்குக் கொத்தியிருந்தது. இவர் குனிந்து பார்த்தார். நகத்தால் மெல்லத் தடவினார்.

"அடைச்சிடலாம். அரை மணி நேர வேலை" என்றார்.

"ரெண்டு மணிக்கு ஒரு பேஷண்ட், நாலு மணிக்கு ஒருத்தர். அதுக்குள்ள கிடைச்சா போதும்" என்றார் நர்ஸ்.

அப்போது மணி பத்தரை. நர்ஸ் மேஜையருகே உட்கார்ந்து இன்சூரன்ஸ் எண்ணை அழுத்தினார். இரைச்சலில் காது கேட்கவில்லை என்று போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார். எடுத்தவனுடைய குரல் தேனாக ஒழுகியது. நான் மனதுக்குள் அவனுக்குத் தேன்குரல் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

பாலிசி எண், பிறந்த தேதி, கல் எங்கே அடித்தது, எத்தனை மணிக்கு அடித்தது, மழை பெய்ததா. கேள்வி நீண்டுகொண்டே போனது. கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"மேடம், உங்க ஏரியாவுல எங்க கிளை ஒண்ணு இருக்கு. நாளைக்குக் காலைல வண்டிய எடுத்துக்கறோம்."

"நான் ஏற்கெனவே ஒரு கடையில உட்கார்ந்திருக்கேன்ப்பா. இங்கேயே பண்ணிக்கறேன்."

"கண்டிப்பா மேடம், உங்க விருப்பம். ஆனா அங்க பண்ற வேலைக்கு எங்களால கேரண்டி தர முடியாது."

"சரி."

"தாமதமாகவும் வாய்ப்பிருக்கு."

"சரிப்பா."

"எங்க கிளைன்னா ஆயுசுக்கும் கேரண்டி, மேடம்."

"யார் ஆயுசுக்கு?" என்று நர்ஸ் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன்.

இவருக்கு ஒரு பழக்கம். இந்தப் போன் பேச்சு முக்கால் மணி நேரம் இழுக்கும் என்று தெரியுமாதலால், அந்த நேரத்தை வீணாக்காமல் கருவியைக் கண்ணாடியில் ஒட்ட வைத்துத் தயாராக இருப்பார். ரப்பர் உறிஞ்சிகளோடு ஒட்டிக்கொள்கிற சின்னக் கருவி. நடுவில் இருக்கிற திருகைத் திருப்பினால் ரெசின் என்கிற பிசின் புள்ளிக்குள் இறங்கும். திருகு புள்ளியின் மேல் லேசாக அழுத்திக்கொண்டிருக்கும்போது கண்ணாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான். நம்பர் வருவதற்கு முன் இதைச் செய்வது தப்பு. "வேலை ஆரம்பிக்கலையே, வெச்சுத்தானே இருக்கேன்" என்பார். நானும் எத்தனையோ நாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறேன். கடிதம் வந்த பிறகாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

தேன்குரல் வண்டியின் கிலோமீட்டர் கணக்கைக் கேட்டான். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் போய்க் கார்க் கதவைத் திறந்து, குனிந்து, கணக்கைச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினேன். நர்ஸ் அதைப் போனில் படித்துச் சொன்னார். நான் திரும்பிப் போய்த் திறந்திருந்த கதவில் கை வைத்தேன். அப்போதுதான் அது காதில் விழுந்தது.

"மேடம், ஒரு விஷயம். அந்தக் கடை சம்பந்தமா எங்ககிட்ட சில குறிப்புகள் இருக்கு. விவரம் நான் சொல்லக்கூடாது. உங்க நல்லதுக்காகத்தான் சொல்றேன்."

விவரம் சொல்லக்கூடாதாம், ஆனால் சேற்றை மட்டும் அள்ளி வீசலாமாம். எனக்கு உச்சந்தலை வரை சுறுசுறுவென்று ஏறியது. அங்கே வாயைத் திறக்க முடியாது. அந்த வாய்க்குப் பதிலாகக் கை பேசியது. கார்க் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

ஜன்னல்கள் நான்கும் மூடியிருந்தன.

கண்ணாடிக்காரர் வீட்டில் யாரும் கதவை அப்படிச் சாத்த மாட்டார்கள். ஜன்னல் மூடியிருக்கும்போது ஓங்கிச் சாத்தினால் உள்ளே இருக்கிற காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் கண்ணாடியில் போய் மோதும். மற்ற நாளில் ஒன்றும் ஆகாது. அடிபட்ட கண்ணாடியில், அதுவும் புள்ளியின் மேல் திருகு உட்கார்ந்திருக்கும்போது ஆகும். இதை எத்தனை வாடிக்கையாளர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்!

'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்னச் சத்தம். புள்ளியிலிருந்து கிளம்பிய கோடு என் கண்ணெதிரே மேலே ஏறியது. பாதியில் ஒரு கணம் நின்றது. நின்றுவிடும் என்று நினைத்தேன். மறுபடியும் கிளம்பி, கூரை விளிம்பைத் தொட்ட பிறகுதான் நின்றது.

இவர் கருவியின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. முகம் சுண்டிப்போய்விட்டது. என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கருவியைக் கழற்றித் துணியில் சுற்றிக் கீழே வைத்துவிட்டு, வண்டியின் பின்பக்கம் வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினார். போனேன்.

"வெயில்ல ஓடிடுச்சுன்னு சொல்லிடலாம்" என்றார், காற்றோடு காற்றாக.

"வெயில்னு சொன்னா இது நாலாவது வண்டிங்க. பேரை எடுத்துடுவாங்க."

"அப்ப சொல்லவே வேணாம்." கண்ணாடிச் சட்டத்தின் பக்கம் பார்த்தார். "இதே மாடல் கண்ணாடி நம்மகிட்ட ஒண்ணு இருக்கு. அந்தம்மா டீ குடிச்சிட்டு வரட்டும். நான் மாத்திடறேன். நீ புள்ளி அடைச்சதாவே பேப்பர் எழுது. யாருக்கும் தெரியாது."

"ரெண்டு மணிக்கு வண்டி வேணும்னு சொல்லியிருக்காங்க. பசை காய நாலு மணி நேரம் ஆகுமே?"

அவர் தரையைப் பார்த்தார். "மெதுவா ஓட்டச் சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பசை காயாமல் ஒரு வண்டியைக்கூட வெளியே விடாத மனுஷன் இவர். கல்யாண மாப்பிள்ளை வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் சாவியைக் கொடுக்காமல் அனுப்பியவர். பசை இறுகாத கண்ணாடி வெறுமனே சாய்ந்து நிற்கிற கண்ணாடிதான். எங்காவது இடித்து உள்ளேயிருக்கிற ஏர்பேக் என்கிற காற்றுப்பை வெடித்தால் அது முதலில் கண்ணாடியைத்தான் பிய்த்துக்கொண்டு போகும். அப்புறம் ஆளைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததென்றால், அந்தக் கடிதம் இந்த மனுஷனை என்ன செய்துவிட்டது! அவர் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து மேஜைப் பக்கமிருந்து நர்ஸ் கூவினார். "வாங்கிட்டேன்மா! நம்பர் கொடுத்துட்டான்!"

திரும்பிப் பார்த்தேன். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி உள்ளங்கையில் எழுதிய நம்பரை எனக்குக் காட்டினார். எங்களுக்காக நாற்பது நிமிஷம் மல்லுக்கட்டியிருக்கிறார். முன்பின் தெரியாத கடைக்காக. போனில் தேன்குரல் விடைபெறுகிற வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போன் அணைந்துவிடும். அப்புறம் எதையும் எப்படியும் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டும் போலத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, இருந்தது.

"சிஸ்டர், போனை வைக்காதீங்க" என்றேன்.

நடந்து போய் மேஜைக்கு முன்னால் நின்றேன். போனைப் பார்த்துச் சொன்னேன். "நான் கடைக்காரரோட மனைவி பேசறேன். வண்டிக் கதவை நான் ஓங்கிச் சாத்திட்டேன். ஜன்னல் மூடியிருந்துச்சு. புள்ளி விரிசலா ஓடிடுச்சு. வெயில் இல்லை, கல் இல்லை. நான்தான்."

நர்ஸின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்து வண்டியருகே போனார். விரிசலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"மேடம்?" என்றான் தேன்குரல். தேன் கொஞ்சம் குறைந்திருந்தது. பிறகு என்னிடம், "இந்தப் பேச்சு பதிவாகுதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"இப்படியே எழுதட்டுமா? மாத்திச் சொல்றதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"இப்படியே எழுதுங்க."

"இன்னொண்ணும் எழுதிக்குங்க." பின்னாலிருந்து இவர் குரல். பத்தொன்பது வருடத்தில் இவர் இன்சூரன்ஸ் போனில் பேசியதே இல்லை. "நம்பர் வர்றதுக்கு முன்னாடியே நான் கருவிய வெச்சுட்டேன். அது இல்லாம கதவைச் சாத்தினதுக்கு மட்டும் ஓடியிருக்காது. அது என் தப்பு."

நான் அவரை இதில் இழுக்காமல்தான் பேசியிருந்தேன். அவராகவே வந்து மாட்டிக்கொண்டார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு வரேன்" என்று தேன்குரல் போய்விட்டான். ஸ்பீக்கரில் இசை ஓடியது. கல்யாண வீட்டுக்குப் பொருத்தமான உற்சாகமான இசை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். ஆறு நிமிஷம்.

திரும்பி வந்தவன் படிப்பது போலச் சொன்னான். "மேடம், முதல்ல கொடுத்த நம்பர் ரத்து. முழுக் கண்ணாடி மாத்தணும், செலவு அந்தக் கடையோடது. நாளையிலிருந்து அந்தக் கடை பட்டியல்ல இருக்காது. இன்னைக்குத் தேதிக்கு இருக்கறதால விதிப்படி உங்ககிட்ட மறுபடியும் கேட்கணும். எங்க கிளைன்னா இன்னும் ஒரு மணி நேரத்துல உங்களுக்கு வேற கார் அனுப்பிடுவோம். உங்க வண்டி நாளைக்குத் தயார். பில் அவங்களுக்குப் போயிடும். எந்தக் கடைல பண்ணிக்க விரும்பறீங்க?"

நர்ஸ் என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

நான் சொல்லக்கூடாது. இவ்வளவும் ஆன பிறகு விதியாவது ஒன்றாவது என்று மனசு அடித்துக்கொண்டது. இங்கேயே செய்யுங்கள் சிஸ்டர், இவரைப் போலக் கண்ணாடி போடுகிறவர் கிடையாது என்று கத்த வேண்டும் போலிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப வாயை மூடிக்கிட்டியா? கதவைச் சாத்தறப்ப இந்த அடக்கம் எங்க போச்சு?" அவருக்கு உண்மையாகவே கோபம். "ரெண்டு மணிக்கு ஒரு கிழவர் புண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு எனக்காக உட்கார்ந்திருப்பாரு. தெரியுமா உனக்கு?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"மேடம், எந்தக் கடை?" என்றான் போனில்.

நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் எழுதிய பழைய நம்பரைக் கட்டைவிரலால் அழித்தார்.

"இருபத்தாறு வருஷம் வார்டு பார்த்திருக்கேன்ப்பா" என்றார் போனிடம். "மருந்தை மாத்திக் கொடுத்துட்டு மூச்சு விடாம இருக்கற நர்ஸையும் பார்த்திருக்கேன். ஓடி வந்து, 'சிஸ்டர், மாத்திக் கொடுத்துட்டேன்'னு அழற நர்ஸையும் பார்த்திருக்கேன். அழறவள நல்லாத் திட்டுவேன். ஆனா அடுத்த டூட்டிக்கு அவளைத்தான் போடுவேன். இங்கேயே எழுது."

"உறுதியா மேடம்?"

"எழுதுப்பா."

தட்டச்சு சத்தம் கேட்டது. பிறகு நம்பரைச் சொன்னான். இந்தத் தடவை அவசரப்படாமல், ஒவ்வொரு எண்ணாக, நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னான். முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் இங்க சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு மேடம். கடைக்காரங்க யாரும் இப்படிச் சொல்லி நான் எழுதினதில்ல" என்றான். அதுவும் பதிவாகியிருக்கும். போன் அணைந்தது.

நர்ஸ் தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், கிழவர் வீட்டுக்குச் சொல்ல. இவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"எத்தனை நாளைக்கு?"

"இந்த ஒரு வண்டிக்கு."

தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். மரச்சட்டத்திலிருந்து கண்ணாடியை எடுக்க என்னைக் கூப்பிட்டார். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு வண்டியருகே வந்தோம். அதற்குள் நர்ஸ் திரும்பி வந்தார்.

"மூணு மணிக்கு வரேன்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள ஓட்டிடலாம்ல? மெதுவாத்தான் போவேன்" என்றார்.

இவர் கண்ணாடியைப் பத்திரமாக ஸ்டாண்டில் இறக்கி வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"உங்களை எங்க வேன்ல நானே கொண்டுபோய் விடறேன், சிஸ்டர். நாலு மணி பேஷண்ட் வீட்டுக்கும் கொண்டுபோறேன்" என்றார். "ஆனா பசை காயாம நீங்க காலைப் பிடிச்சாக்கூடச் சாவி தரமாட்டேன்."